மலைக்கு மேலே ஆயிரம் அடி

கட்டுப்பாட்டு அறையிலிருந்து "இறங்கலாம்" என்பார்கள். மலையை நகர்த்தி வைத்துவிட்டு யாரும் சொல்வதில்லை. ரேடாரில் பார்த்து அவர்களே வழிநடத்தினால் வேறு கதை. மற்றபடி, மேகத்துக்குள் எதிலும் இடிக்காமல் போவது விமானியின் பாடு. தொண்ணூறுகளில் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே ஒரு கம்பெனியின் குட்டி விமானத்தை ஓட்டினேன். பொறுப்பும் ஏற்று, திட்டும் வாங்கும் ஆசாமியா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

வீட்டில் சொன்னது

சாமுண்டி மலைக்கு மேலே ஆயிரம் அடி இடைவெளி விடுவது என் பொறுப்பு என்று மைசூர் விஜயநகர் வீட்டில் ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். என் மனைவி லலிதா வெள்ளி தவறாமல் அந்த மலைக்கோயிலுக்குப் போகிறவள். என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே கும்பிட்டுட்டு வர்றப்போ, மலை அங்கேயேதான் இருக்கான்னும் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மேகத்தில் ஓட்டை

என் விமானத்தில் வரும் கம்பெனி மேனேஜர் சிவண்ணாவுக்கு எப்போதும் அவசரம். ஒரு மழை நாளில் மேக இடுக்கில் வயல் தெரிந்ததும், "நோடி சார், பாருங்க, ஓட்டை! சட்டுனு எறங்கிடலாம்" என்று குதித்தார். நான் அசையவில்லை. மேகம் விலகியபோது, அந்த வயலை ஒட்டியே மலைச்சரிவு நின்றது. சிவண்ணா மெதுவாகச் சொன்னார்: "நான் கர்ட்டனை மூடிக்கறேன் சார். நீங்களே பாருங்க."

முருகேசனின் கோபம்

ராமாபுரத்துக்காரர் முருகேசன், எங்கள் கம்பெனி ஃபோர்மேன். மகளுக்கு மைசூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று போன் வர, முதலாளி அவரை என் விமானத்தில் ஏற்றிவிட்டார். மைசூரில் ஓடுதளம் கண்ணில் பட்டால்தான் இறங்க முடியும். இறங்கக்கூடிய கடைசி உயரம் வரை இறங்கினேன். வெள்ளைப் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

"ஒரே புள்ளைங்க சார். இன்னுங் கொஞ்சம் எறங்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் மகள் இருக்கிறாள், கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பெங்களூருக்கே திருப்பினேன். அங்கிருந்து காரில் போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாயும் சேயும் நலம் என்று மறுநாள் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆப்ரேசனுக்குக் கூட்டிப் போறப்ப, அப்பா எங்கேன்னு கேட்டாளாமுங்க. அந்தக் கோவம் இன்னும் போகலீங்க சார். ஆனா, கோவப்படறதுக்கு நான் இருக்கேனுங்களே."

ஒழுங்காகச் செய்தால் திட்டு விழும், தப்பாகச் செய்தால் திட்டவும் ஆள் மிஞ்சாது. எங்கள் பிழைப்பு இவ்வளவுதான்.