வாடியிருக்க வேண்டிய பாத்தி

முதலில் மன்னித்துவிடுங்கள். பயணக் கட்டுரை என்றால் மலை, அருவி, கோயில் என்று எழுதுவார்கள். நான் எழுதப்போவது மதுரைக்குத் தெற்கே ஒரு நெல்வயலுக்குப் போய்வந்ததைப் பற்றி. இதையெல்லாம் எழுதலாமா என்று இன்னும் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆய்வுக்கு மாதிரி எடுக்க வயலுக்குப் போகும் மாணவர்கள் சிலருக்காவது உதவும் என்று நம்பி, செல்லூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டுகிறேன்.

நான் பயிர் மரபணுக்களில் ஆராய்ச்சி செய்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். அதனால் அம்மாவிடம் சொன்ன மாதிரியே உங்களிடமும் சொல்கிறேன். தண்ணீர் வற்றினாலும் மண்ணில் உப்பு ஏறினாலும் பயிரால் வேறு இடம் போக முடியாது. அப்போது, அதுவரை அடங்கியிருந்த சில மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். இலைத்துளைகளை மூடு, உப்பைச் செல்லுக்குள் ஓர் அறையில் தள்ளி அடை என்றெல்லாம் செய்தி போகும். இலையிலிருந்து அந்தச் செய்தியைப் பிரித்துப் படிப்பதுதான் என் வேலை. தண்ணீர் கிடைத்தால் சில மணி நேரத்தில் செய்தி மாறிவிடும். பறித்த இலையிலும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், உடனே திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க வேண்டும்.

ஒரு விவசாயி தன் வயலோரம் இரண்டு சிறு பாத்திகளை எனக்குக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு வழக்கம்போல அவருடைய போர்வெல் தண்ணீர்; அது உப்புத் தண்ணீர். இன்னொன்றுக்குப் பன்னிரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பதின்மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு இரண்டிலும் இலை எடுக்க வேண்டும். என் உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. அடுத்த பருவம் எனக்கு இல்லை. ஐப்பசி பிறந்தும் மழை இல்லையே என்று ஊரே ஏங்கியபோது, நான் மட்டும் மேகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அதை வெளியில் சொல்லவும் பயம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு ஆய்வகத்தில் நைட்ரஜன் கேனை வாங்கினேன். பத்து கிலோ இருக்கும். மூடியை இறுக்கக்கூடாது, உள்ளே அழுத்தம் ஏறிவிடும். பெரியார் நிலையத்தில் 8.05க்கு அவனியாபுரம் வழியாகப் போகும் பேருந்து, டிக்கெட் ஒன்பது ரூபாய். சன்னலைத் திறந்துவைத்து, கேனைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் மூடியோரம் வெண்புகை கசிந்தது.

"என்ன தாயி, சினை ஊசியா?" என்றார் கண்டக்டர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் வைத்திருப்பதும் இதே கேன்தான்.

நான் வாய் திறப்பதற்குள் முன்சீட்டு அம்மா திரும்பினார். "ஏத்தா, எங்க பசு நேத்துலருந்து கத்திக்கிட்டே கெடக்கு. ஒரு எட்டு வந்து போட்டுட்டுப் போயேன்."

"நான் மாட்டு டாக்டர் இல்லம்மா. இது நெல்லுக்கு."

"நெல்லுக்குமா?" என்றார் கண்டக்டர். "அப்ப நம்ம டிரைவருக்கும் ஒண்ணு போட்டு விடு. வண்டி கொஞ்சம் வெரசாப் போகட்டும்."

பஸ்ஸே சிரித்தது. நான் இறங்கும்வரை சன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

9.15க்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் நடை. மேற்கே மேகம் கருத்திருந்தது. 10.10க்கு வரப்பில் ஏறியபோதே தெரிந்துவிட்டது. தண்ணீரில்லாத நெல்லின் இலை, வெயில் ஏறினால் நீளவாக்கில் சுருண்டு ஊசிபோல நிற்கும். தண்ணீர் விடாத என் பாத்தியில் இலைகள் விரிந்திருந்தன. ஒட்டிய தரிசு வெடித்துக் கிடக்க, அந்தப் பாத்தி ஈரமாக இருந்தது.

விவசாயியின் மனைவி சிரித்தபடி வந்தார். "வா தாயி. இப்பப் பாரு, பயிரு எம்புட்டுத் தெளிச்சியா நிக்கிது."

"அக்கா, இதுக்குத் தண்ணி..."

"நாந்தேன் ஊத்துனேன், நேத்துச் சாயங்காலம் ஆறு கொடம். நீ போட்டோப் பிடிக்க வாரன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக. வாடிக் கெடந்தா பாக்குறவுக எங்களையில்ல ஏசுவாக? போர்த் தண்ணி உப்பு. அதேன் லாரியில வந்த குடிதண்ணியவே ஊத்திட்டேன்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுக வெளியூரு போயிருக்காக. இருந்தா மட்டும்? விருந்தாளி எலையில உக்காந்தப்பறந்தேன் அவுகளுக்கு வீட்டுக்கு ஆளு வந்ததே தெரியும்."

தவறு என்னுடையது. போன முறை வந்தபோது கூச்சத்தில் வீட்டுப் பக்கமே போகாமல், வரப்பில் நின்று விவசாயியிடம் மட்டும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஓடிவந்திருந்தேன். குடிக்கிற தண்ணீரை ஊற்றியவரிடம் இப்போது என்ன சொல்வது? அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு பாத்தியிலும் இலை நறுக்கினேன். அலுமினியத் தாளில் மடித்து, 'வறட்சி' என்று எழுதி உறையவைத்தேன். போட்டோவும் எடுத்தேன், அவரையும் சேர்த்து.

பிற்பகல் 2.45க்கு ஆய்வகம் வந்தேன். என் ஆராய்ச்சி வழிகாட்டியான சார், வாசலில் நின்று "கெடச்சுதா?" என்றார். தலையாட்டிவிட்டு உள்ளே போய் உறைபெட்டியில் வைத்தேன். தண்ணீர் குடித்த பயிரின் செய்தி, வறட்சி என்ற பெயரில். அதை நான் படித்து எழுதினால், இந்த நெல் வறட்சியை உணர்வதே இல்லை என்றாகும். அதை நம்பி இன்னொருவர் வேலையைத் தொடங்குவார். யாருக்கும் தெரியாது என்பதுதான் அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் பதினொரு மணிக்குச் சாரிடம் சொன்னேன். "மொதல்ல லேபிளை மாத்து. மறுபடி பன்னெண்டு நாள் காயவைக்க மழை விடாது. அதுக்கு முன்னாடி வேற வயல் கெடைக்குதா பாரு. கெடைக்கலேன்னா எனக்கும் வழி தெரியல" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகவர மொத்தம் நாற்பது ரூபாய்க்குள் முடியும். கேனைச் சன்னல் மூடிய வண்டியில் ஏற்றாதீர்கள், கசியும் வாயு மூச்சை அடைக்கும். கையுறையும் மூடிய செருப்பும் வேண்டும். எதற்காக வருகிறீர்கள் என்பதை வயல்காரரிடம் மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் எல்லோரிடமும் உட்கார்ந்து சொல்லுங்கள்.

எழுத ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப்போட்டு வந்ததை இனிக் கேட்டுவிடுகிறேன். மதுரைக்குத் தெற்கே, உப்புத் தண்ணீர் பாயும் நெல்வயல் உங்களிடமோ உறவினரிடமோ இருக்கிறதா? அந்தத் தண்ணீர் மேல்பக்கம் மட்டும் பாய்ந்து, கடைசிவரை எட்டாமல் ஓரத்துப் பயிர் காய்ந்து சுருண்டு நிற்கிறதா? காய்கிற பயிரை ஒரு நாள் அப்படியே விடுங்கள் என்று கேட்கக் கூசுகிறது. எனக்கு முப்பது இலை போதும். பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதுங்கள். வழி கேட்டு நானே வந்துவிடுவேன்.