எண்பத்து நாலாம் பக்கம்

டெய்லரம்மா சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். தையல் கடைக்காரன் மின்கட்டணத்துக்குப் பயந்து போட்ட அழுமூஞ்சி விளக்கின் கீழே பாதி ஆயுள் போயிற்று. பிறகு அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றோடொன்று கலங்கின. மகள் வாங்கித் தந்த மின்னூல் கருவியில் எழுத்தைச் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெரிதாக்க முடிந்தது. திரைக்கு ஆறே வரி. போதுமே, விட்டுப்போன படிப்பு திரும்பி வந்துவிட்டது.

அது பொறுக்கவில்லை, நூலக வாசகர் வட்டத்துச் செயலாளருக்கு. "புத்தகம்னா கையில கனக்கணும். வாசிப்புக்கு நடுவுல மெஷின் எதுக்கு?" என்பார் வாராவாரம். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். வட்டத்தில் ஒவ்வொருவராக உரக்க வாசிக்கும் முறை தனக்கும் வரட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வீட்டில் புருஷனை எதிரே உட்காரவைத்துப் படித்துக் காட்டிப் பழகினாள். பாவம், அந்த மனுஷனும் தூங்காமல் கேட்டார்.

அந்த முறை வந்தது. "எண்பத்து நாலாம் பக்கம் எடுங்க," என்றார் செயலாளர்.

கருவியில் எண்பத்து நாலைத் தட்டி, படபடப்பில் அப்படியே வாசிக்கத் தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இது போன வாரம் முடிச்சதாச்சேம்மா," என்றார் செயலாளர்.

எழுத்து பெரிதானால் பக்கமும் பெருகும். அச்சின் எண்பத்து நாலு அவள் கருவியில் எங்கோ தள்ளிக் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். செயலாளர் முந்திக்கொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அச்சுப் புத்தகம் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம். அடுத்தவங்க படிங்க."

அறை முழுக்கச் சிரித்தது. டெய்லரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சார், உங்க மூக்கு மேல இருக்கே, அதைக் கழட்டி வெச்சிட்டு நீங்க ஒரு வரி படிங்க."

"அது கண்ணாடிம்மா."

"இதுவும் எனக்கு அதுதான். கழட்டுங்க."

அவர் கை கண்ணாடி வரைக்கும் போய் நின்றுவிட்டது. அடுத்து வாசிக்க வேண்டியவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பக்கம் வேண்டாம். எத்தனாவது அத்தியாயம், அதைச் சொல்லுங்க," என்றாள் டெய்லரம்மா.

"ஒன்பது," என்றார் செயலாளர், தரையைப் பார்த்து.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தாய் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். டெய்லரம்மா அதைத் தெருச் சண்டைக்கு நிற்பவள்போல, ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தாள். சிரிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.