கடைசிப் பாகம் கடலூரில்

எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். ஒன்பது வயதில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவளை ஒரு கதையின் முடிவுக்காக ஒரு மாதம் காக்க வைத்தார்கள்.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் வாசகசாலை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி உள்ளே போனவர். வேலையும் கிடைக்கவில்லை, அவரும் வெளியே வரவில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் அங்கே பிள்ளைகளுக்குக் கதைக்கூட்டம் நடக்கும். யுத்த காலம், காகிதப் பஞ்சம். ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதி கிடைப்பதே பெரும்பாடு. பிள்ளைகளோ மாடி கொள்ளாத கூட்டம். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்தின் தையலைப் பிரித்து, பாகம் பாகமாக்கி, பழுப்பு அட்டை போட்டு, ஆளுக்கொரு பாகம் கொடுத்துவிடுவார். அவரவர் பாகத்தை அவரவர் படித்து வந்து, கூட்டத்தன்று வரிசையாக எழுந்து, தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடித்தால் கதை முழுசாகும். அதற்கு முன்னால் ஒருவர் பாகத்தை இன்னொருவரிடம் சொல்லிவிட்டால் மறு மாதம் பாகம் கிடையாது.

சொந்த அக்கா மகளுக்குச் சலுகை காட்டினான் என்று பேர் வரக் கூடாதாம். அதனால் எனக்கு எப்போதும் நடுவிலிருந்துதான் ஏதாவது வரும். தலையும் தெரியாது, வாலும் தெரியாது. படித்துவிட்டு ஒரு மாதம் நெளிந்துகொண்டிருப்பேன்.

அந்த முறை கதை, தாயின் நோய்க்கு வேர் தேடி மலைக்காட்டுக்குப் போகும் அண்ணன் தம்பியைப் பற்றியது. எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின பாகம். வேரோடு திரும்பி வரும் வழியில் தம்பி காய்ச்சலில் விழுந்துவிடுகிறான். நீ போ அண்ணா, நான் பின்னால் வருகிறேன் என்கிறான். அண்ணன் எழுந்து நடக்கிறான். அத்தோடு என் பாகம் முடிந்தது. கடைசிப் பாகம் ஒரு கோர்ட்டு குமாஸ்தாவின் மகளிடம் இருந்தது. குமாஸ்தாவுக்குத் திடீரென்று கடலூருக்கு மாற்றலாகி, கட்டிய மூட்டை முடிச்சுகளோடு கதையின் முடிவும் வண்டியேறிப் போய்விட்டது. கூட்டத்தில் நான் என் பாகத்தைச் சொல்லி உட்கார்ந்ததும் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலையைச் சொறிந்தார். பாகத்தைக் கடலூரிலிருந்து வாங்கி வருவதாகவும், அடுத்த மாதம் நானே முடிவைச் சொல்ல வேண்டும் என்றும் அறிவித்துவிட்டார்.

வீட்டிலும் அப்போது ஒருவருக்கும் ஓரிடத்தில் உட்காரத் தரிக்கவில்லை. அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலையாக இருந்தார்கள். அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு நாலு வயது. அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடுதாசி வருவது நின்றுவிட்டது. கப்பல் கிடைக்காதவர்கள் மலையேறி நடந்தே வருகிறார்களாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்; நான் கிட்டே போனால் சாப்பிட்டாயா என்பார்கள். நடந்து வந்து சேர்ந்தவர்களைப் பற்றிக் கடலூர் கலெக்டர் கச்சேரியில் விசாரித்தால் தெரியும் என்று மாமா அடிக்கடி கடலூருக்குப் போனார். என்னிடம் மட்டும், பாகத்தை வாங்கி வரப் போவதாகச் சொன்னார். நான் அப்படியே நம்பினேன்.

மாமா திரும்பும் நேரத்துக்கு அம்மாவும், சித்தப்பாவின் மனைவியான சித்தியும் வாசலில் வந்து நிற்பார்கள். மாமா தெருமுனையில் திரும்பும்போதே அம்மா கேட்பாள், "தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

சித்தி உள்ளே போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். அம்மா ஊறப் போட்ட அரிசியை மறந்துபோய் இன்னொரு படி ஊறப் போடுவாள். ஒரு கதையின் முடிவுக்கு இத்தனை பேர் தவிக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கவலைப்படாதே சித்தி, கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஒரு நாள் ஆறுதல் சொன்னேன். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்கு மூச்சு முட்டியது.

கூட்டத்து ஞாயிறும் வந்துவிட்டது, மாமாவைத்தான் காணோம். இரண்டு நாள் முன்பு கடலூருக்குப் போனவர். நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது ஒரு ஜட்கா வந்து நின்றது. மாமா இறங்கி இன்னொருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். தாடி, ஒட்டிய கன்னம், கால் இரண்டிலும் துணிச் சுற்று. அம்மா ஓவென்று அழுதுகொண்டு ஓடினாள். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து, பாகம் எங்கே என்றேன். உன் அப்பா வந்திருக்கிறார், பார் என்றார் மாமா. பார்த்தேன், கும்பிட்டேன், மறுபடியும் சட்டையைப் பிடித்தேன். மாமா பாவம், அந்த நிலையிலும் குமாஸ்தா வீட்டுக்குப் போயிருந்தார். பையிலிருந்து பழுப்பு அட்டையை எடுத்து நீட்டினார். நான் கிணற்றடிக்குப் பறந்தேன்.

நிம்மதியாகப் படிக்கவும் விடவில்லை. எங்கள் வீட்டில் கணவனின் அண்ணன் முன்னால் பெண்கள் வந்து நிற்க மாட்டார்கள், நேரே பேசவும் மாட்டார்கள். ஆகவே சித்தி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். அவர் எங்கே என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். நான் படித்த பக்கத்தில் விரலைக் கொடுத்துக்கொண்டு கேட்டேன்.

அப்பா கையிலிருந்த காப்பி தம்ளருக்குள் பார்த்தார். "பின்னால வரான்" என்றார்.

வீடே உயிர் பெற்றது. எப்போது என்று கேட்கச் சொன்னாள் சித்தி. உடம்பு கொஞ்சம் சரியில்லை, தேறினதும் வருவான் என்றார் அப்பா. எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு, அஸ்ஸாமில் ஒரு முகாமில் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டபோது கல்கத்தாவில் என்றார். சந்தோஷத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சித்தி வெல்லம் தட்டிப் பாயசம் வைத்தாள். இந்தக் கதவுக்கும் கூடத்துக்கும் என்னை ஓட விட்டதில் எனக்குத்தான் எரிச்சல்.

அப்பாவால் உட்கார முடியவில்லை. படுக்கச் சொன்னால் எழுந்துவிடுவார். கட்டுப் போட்ட காலோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் பதற்றமெல்லாம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அந்தத் தாடிக்காரர் மீது எனக்குப் பிரியம் உண்டாயிற்று. சாயங்காலம் நான் புறப்பட்டபோது, எம் பொண்ணு கதை சொல்றதைக் கேக்கணும் என்று அவரும் கிளம்பிவிட்டார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. சித்தி ரொம்ப நாளைக்குப் பிறகு தலையில் பூ வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் தள்ளி வந்தாள். மாடியில் பெண்கள் உட்காரும் பக்கமாக, படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் எழுந்து நின்றேன். போன மாதம் நின்ற இடத்திலிருந்து தொடங்கினேன். அண்ணன் நடக்கிறான். ஓடையைத் தாண்டுகிறான். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் போனால் இருட்டிவிடும், காட்டில் புலி. போகாவிட்டால் தம்பி தனியாகக் கிடப்பான். இந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். பிள்ளைகள் சொல்லு சொல்லு என்று துடித்தார்கள். ஒரு மாதம் நான் பட்ட பாட்டை அவர்களும் கொஞ்சம் படட்டுமே. அப்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கால் வலி போலிருக்கிறது, முடிவைக் கேட்காமல் போகிறாரே என்று எனக்கு வருத்தம். அதற்காக நிறுத்த முடியுமா? அண்ணன் திரும்பிப் போகிறான், தம்பியைத் தோளில் தூக்கிக்கொள்கிறான், ஓடையைத் தாண்டி விடிவதற்குள் வீடு வந்து சேர்கிறான். மாடி அதிரக் கைதட்டினார்கள்.

சித்தி தட்டவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அப்பாகிட்ட போயி கேளு. அந்த அண்ணன் திரும்பிப் போனாரான்னு கேளு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவள் நான், சொன்னவள் நான். பாதியில் எழுந்து போனவரிடம் கேட்கச் சொல்கிறாளே. அந்தப் பக்கம் மாமா அடுத்த மாதத்துப் புத்தகத்தைப் பிரித்துப் பாகங்களைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஆனாலும் சித்தியின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கீழே ஓடினேன். அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். சித்தி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தாடி குத்தியது, ஈரமாகவும் இருந்தது. கைகளைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடி வந்தேன்.

சித்தி படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"அவருக்குத் தெரியல சித்தி. சரியா கேக்கவே இல்ல. நாந்தான் படிச்சேனே, திரும்பிப் போனாரு, தூக்கிக்கிட்டு வந்துட்டாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முதல் பாகத்தை வேறு யாராவது வாங்கிவிடுவார்களே என்று உள்ளே ஓடினேன்.