பாய்லர்காரர் கண்ட உயிரியல்

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. இருவரையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, என் வீட்டுக்காரரிடம் என்ன வேலை என்று கேட்டார். சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டர் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "கொஞ்ச நாள் அதை விட்டுத் தள்ளி இருங்க. ஆம்பளைங்களுக்கு அந்தச் சூடு ஆகாது" என்றார் டாக்டரம்மா.

பாய்லரை விடுவதா? அது இவருக்கு மூத்த சம்சாரம், நான் இளையவள். மறுநாள் காலை செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இதப் பாரு அம்மிணி. பூமியில மொத உசுரே கடலுக்கடியில, கொதிக்கிற தண்ணி பீச்சியடிக்கிற எடத்துலதான் உண்டாச்சாம். இந்த டாக்டரம்மா சூடு ஆகாதுங்குது."

நான் விடுவேனா? பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சாப்பாட்டு நேரத்தில் தேடிப் படித்தேன். இவர் பார்த்தது ஒரு கட்சிதானாம். அவ்வளவு சூட்டில் உயிருக்கு வேண்டிய மூலக்கூறுகள் சிதைந்துபோகும், மிதமான குட்டையிலோ பனிக்கட்டியிலோதான் தொடங்கியிருக்கும் என்று இன்னொரு கட்சி சொல்கிறது. முடிவு இன்னும் தெரியவில்லை. சாயங்காலம் இதைச் சொன்னதும், "அவங்க ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரைக்கும் நான் பாய்லர்லயே இருக்கறேன்" என்றார்.

"அந்தக் கடல் கோடிக்கணக்கான வருசம் காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்கு இப்பவே முப்பத்திமூணுங்க" என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே துணி குடோனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபேன் காற்றில் சளி பிடிக்கிறது என்று தினமும் புலம்பல் வேறு. கரு தங்கும் நாளைக் கணிக்க, தினமும் எழுந்ததும் என் உடம்புச் சூட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பாய்லர் மீட்டரைப் பார்க்காமல் கை பரபரத்ததோ என்னவோ, தெர்மாமீட்டர் பொறுப்பை இவரே எடுத்துக்கொண்டார். மாதாமாதம் சூடு கொஞ்சம் ஏறும், மாதவிலக்கு வரும் சமயத்தில் இறங்கிவிடும். இறங்கிய காலைகளில் இவரே எனக்குக் காபி போட்டுக் கொண்டுவருவார். அந்தக் காபி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஆடி கழிந்த பிறகு ஒரு மாதம், நாள் தள்ளிப்போயும் சூடு இறங்கவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதுவும் அதையேதான் காட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"நாந்தான் அப்பவே சொன்னனே அம்மிணி" என்றார், திரும்பாமலே. "சூட்டுலதான் உசுரு வரும்."

அன்றைக்கு மட்டும் நான் மறுத்துப் பேசவில்லை. காபியை நானே போட்டேன்.