கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் நடுவில், அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் உதவியாளராக இருந்தபோது நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

எங்கள் அறையில் ஒரு லேசர் இருந்தது. அதன் சிவப்பு ஒளியை இரண்டாகப் பிரித்து, கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து, மறுபடி ஒன்றாகச் சேர்த்தால் சுவரில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் விழும். நாங்கள் சோதிக்கும் கண்ணாடிச் சில்லில் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்ணாடிகள்மேல் விரல் படக்கூடாது. 'தொடாதே' என்று அட்டை எழுதி மாட்டியவரே எங்கள் அதிகாரிதான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் கூடத்தில் பூஜை நடந்தது. அதிகாரி பட்டு வேஷ்டியும் சரிகை அங்கவஸ்திரமுமாக வந்து, டைப்ரைட்டரிலிருந்து லேசர் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் தம் கையாலேயே பொட்டு வைத்தார். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவர் பின்னால் போனது நான். கண்ணாடித் தாங்கியிடம் அவர் குனிந்தபோது சட்டத்தில்தான் வைக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்து லேசரைப் போட்டால், சுவரில் கோடுகளே இல்லை. சிவப்பாக ஏதோ கலங்கிக் கிடந்தது. ஒரு கண்ணாடியில் தீற்றலாக அழுக்கு. மாற்றுக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். அதிகாரி கூட்டிப் பெருக்கும் அம்மாளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கத்தினார். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறவர் அவர். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது.

"ஈரத் துணியால துடைச்சுட்டு இல்லேங்கறியா? நாளையிலேர்ந்து வராதே."

"நா அந்த ரூமாண்டயே போவல சார். பூஜை அன்னிக்கும் வெளிய நின்னுகினு பொரி வாங்கிக்கினு போனேன், அவ்ளோதான்."

அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே போய்விட்டார்.

மதியம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். காய்ந்த சந்தனம், அதில் ஒட்டிய குங்குமப் பொடி. யாரோ துணியால் அழுத்தித் துடைக்கப் பார்த்ததில் வெள்ளிப் பூச்சில் கீறல்கள். அதில் சிக்கியிருந்தது சரிகை இழையின் ஒரு துணுக்கு. கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சரிகை ஏது? நேரே அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. சாமி காரியத்தில் குற்றம் கண்டுபிடிக்காதே என்றார். நான் நகரவில்லை. அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அந்த அம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் கூடியிருந்தோம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போனாப் போறது, ஏழை. இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறேன்" என்றார். செய்தது அவர், மன்னிப்பதும் அவர். என்ன நெஞ்சழுத்தம். நாலு பேர் 'சாருக்குப் பெரிய மனசு' என்று தலையாட்டினார்கள். உண்மை தெரிந்த நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டதே, மேற்கொண்டு பேசி என் வேலைக்கும் உலை வைத்துக்கொள்வானேன் என்ற கணக்குதான்.

அந்த அம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்: "நா இன்னா தப்பு பண்ணேன்னு மன்னிக்கிறாரு, யம்மா?"



முடியில் நூற்றில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எங்களுக்கு, கண்ணெதிரே நடந்த அநியாயத்தை உரக்கச் சொல்லத் தெரியவில்லை. யாராவது ஓர் எளியவரை 'மன்னித்துவிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னால், எந்தத் தப்புக்கு என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிடுகிறேன் இப்போதெல்லாம். அன்று அந்த அம்மாளுக்காகக் கேட்காத கேள்வி அது.