அருவிக்கு இந்தப் பக்கம்

ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவில் இருந்த பழைய பங்களாவை ஓட்டலாக மாற்றிய நாளிலிருந்து அவர்தான் அங்கே டிரைவர். தங்க வருகிறவர்களைக் கோட்டைக்கும் ஏரிக்கும் அருவிக்கும் கூட்டிப்போய், பொழுது சாய்வதற்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. ஓட்டலில் ஒரே ஒரு கண்டிப்பு: டிரைவர் காரை விட்டு நகரக் கூடாது. என்றைக்கோ ஒரு டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில், திறந்திருந்த காருக்குள் குரங்கு புகுந்து ஒரு அம்மாளின் தொப்பியோடு மரம் ஏறிவிட்டதாம். குரங்கு செய்த வேலைக்கு மனுஷனுக்குத் தண்டனை!

அதனால் நம்மவருக்குக் கோட்டை என்றால் கார் நிறுத்த நல்ல நிழல். ஏரி என்றால் கண்ணாடியெல்லாம் பறவை எச்சம். அருவி என்றால் சீட்டைச் சாய்த்துப்போட்டுத் தூங்கத் தோதான இரைச்சல். அவ்வளவுதான்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? தொப்பலாக நனைந்து வருகிறவர்கள் பின்சீட்டில் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி, ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் தன் கதையாக அளப்பார். “தண்ணி அப்படியே வந்து முதுகுல அறையும். மூச்சே முட்டும்!”

மனைவி ‘ம்’ கொட்டிக்கொண்டே பரிமாறுவாள். “என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்.”

கூட்டம் குறையட்டும் என்பார். கூட்டம் குறைந்தால், தண்ணி வரட்டும் என்பார். போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த கொஞ்சநஞ்சப் பெருமையும் அந்த அருவிதான், பாவம்.

கெடுத்தது மேனேஜர். ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்வரச் சொன்னார். அதோடு விட்டாரா, வீட்டுக்கே போன் போட்டு மனைவியிடமும் சொல்லித் தொலைத்தார். விடிவதற்குள் அவள் கிளம்பித் தயாராக நின்றாள்.

அருவி வந்தது. வழக்கமான இடத்தில் காரை நிறுத்தி, இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்துவிட்டது: “மெதுவா பார்த்துட்டு வாங்க மேடம். நான் இங்கயேதான் இருப்பேன்.”

“மேடமா?”

அவள் சாவியை வாங்கிக் காரைப் பூட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “நடங்க.”

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எது அருவிக்குப் போகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் வந்து போகிறவர் மாதிரி இடது பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அது நேராகக் கழிப்பறை வாசலில் கொண்டுபோய் விட்டது. அவள் மற்றப் பாதைக்குத் திரும்பினாள்.

அருவியைப் பார்த்ததும் அவருக்குப் பொய் சொல்லக்கூட மறந்துபோயிற்று. சாரல் முகத்தில் அடிக்க, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“நான் இதைப் பார்த்ததே இல்லடி” என்றார் கடைசியில்.

“தெரியும். உங்க சட்டையைத் துவைக்கிறவ நான்தானே? இத்தனை வருஷத்துல ஒருநாளாவது நனைஞ்சு வந்திருக்கா?”

“அப்புறம் ஏன் கேட்டுட்டே இருந்த?”

“நல்லாத்தானே சொன்னீங்க” என்றவள், அவர் முதுகில் கைவைத்து அருவிக்குள் தள்ளினாள்.