வெடிப்புகளில் ஏறிய நீர்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி அமாவாசையன்று, நானும் என் மச்சானும் குளத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வைப்பாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு நடந்தோம். பூநாரைகளைப் பற்றிப் படித்திருந்தேன். நேரில் பார்க்க ஆசை.

பறவைகள் எட்டத்தில் நின்றன. நடுவில் கருத்த சேற்றுவெளி காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் தயங்கினேன்.

"நம்ம கரிசக்காடு மாதிரில்லா வெடிச்சிருக்கு. வண்டியே ஓட்டலாம். புஸ்தகத்துல போட்டிருந்தாத்தான் காலெடுத்து வைப்பீரோ, மாப்ளே?" என்று மச்சான் முன்னே போனார்.

கொஞ்ச தூரத்தில் மேலோடு உடைந்து தொடைவரை இறங்கிவிட்டார். முதலில் சிரித்தார். காலை இழுக்க இழுக்க இன்னும் புதைந்தார். அப்போது பூநாரைகள் மொத்தமாக எழும்பிப் போயின. குனிந்து பார்த்தேன். வெடிப்புகளுக்குள் தண்ணீர் மினுங்கியது. எங்கள் கரிசல் நிலத்தில் மழைநீர் வெடிப்புக்குள் இறங்கும். இங்கே அமாவாசை ஓதத்தில் கடல்நீர் அடியிலிருந்து சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. ஏதாச்சும் செய்யும்வே."

வேட்டியை அவிழ்த்து, குப்புறப் படுத்து ஒரு முனையை அவரிடம் வீசினேன். அவரும் நெஞ்சைச் சேற்றில் சாய்த்துக்கொண்டு பற்றினார். நெடுநேரம் இழுத்தபின்தான் கால் விடுபட்டது.

கரையேறித் திரும்பினால் வெடிப்புகளே இல்லை. ஒரே நீர்ப்பரப்பு. அவர் புதைந்த இடம் எதுவென்று தெரியவில்லை.

அந்தக் கோடையில் மச்சான் தன் சொந்தக் கரிசக்காட்டுக்குள்ளேயே காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.